லோகோவை மாற்றினால் நிறுவனங்கள் வந்துவிடுமா?

நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் இடம் தருவது திறமூல மென்பொருள். அந்த வகையைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டி என்ற கணினி இயங்குதளத்துக்குப் பல ஆண்டுகள் முகமாக இருந்தது ஒரு குட்டிச் சாத்தான். செக்கச்செவேலென்ற உடல், இரண்டு கொம்பு, அம்புமுனை வால், கையில் முட்கவை, காலில் விளையாட்டுக் காலணி. பெயர் பீஸ்டி. ஃப்ரீபிஎஸ்டியின் மூதாதையான யூனிக்ஸ் இயங்குதளங்களின் உலகில் திரைக்குப் பின்னால் ஓசையின்றி வேலை பார்க்கும் நிரல்களை டீமன் என்பார்கள்; அந்த வழக்கத்தைப் படமாக வரைந்ததில் பிறந்தவன் இவன். விவரம் தெரிந்தவர்களுக்குச் செல்லப்பிள்ளை. விவரம் தெரியாத நிதித்துறை மேலாளர் ஒருவருக்கோ, தன் அலுவலக சர்வரில் யாரோ ஒட்டிவைத்த பிசாசுப் படம்.

2005இல் ஃப்ரீபிஎஸ்டி குழு புதிய லோகோவுக்குப் போட்டி அறிவித்தது. சில பண்பாடுகளில் இந்த உருவம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்ற கவலை ஒரு பக்கம். நடைமுறைச் சிக்கல்கள் இன்னொரு பக்கம். பீஸ்டி ஒரு கார்ட்டூன் ஓவியம். நிழலும் வளைவும் பல வண்ணங்களும் கொண்டது. வன்பொருள் பெட்டியின் மூலையில் ஒற்றை நிறத்தில் அச்சிட்டால் சிவப்புக் கறையாகத்தான் தெரியும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பீஸ்டியின் பதிப்புரிமை ஃப்ரீபிஎஸ்டி திட்டத்திடம் இல்லை. ஃப்ரீபிஎஸ்டிக்கு மூலமான பிஎஸ்டி யூனிக்ஸ் வரலாற்றின் மூத்த நிரலாளர்களில் ஒருவரான மார்ஷல் கிர்க் மெக்குசிக்கிடம் இருக்கிறது. அவர் தாராள மனம் கொண்டவர் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு நிறுவனத்தின் சட்டப்பிரிவு, உரிமையாளரின் மனத்தை நம்பிக் கோப்பில் கையெழுத்துப் போடாது.

போட்டியில் ஆன்டன் குரால் வரைந்த படம் தேர்வானது: சிவந்த கோளம், அதன் மேல் இரண்டு சிறு கொம்பு. சாத்தான் போய்விட்டான், கொம்பு மட்டும் தங்கிவிட்டது. மத அழுத்தத்துக்குப் பணிந்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு கொதித்தது. நல்ல லோகோ கிடைத்ததே என்று இன்னொரு தரப்பு நிம்மதி அடைந்தது. பீஸ்டி செல்லச் சின்னமாகத் தொடர்வான் என்று குழு சமாதானம் சொன்னது. அவன் இன்றும் தொடர்கிறான்.

திறமூல மென்பொருள் உலகில் லோகோ மாற்றம் என்றாலே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கதை இது. ஆனால் இதில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. யாஹூ தன் சேவைகளை ஃப்ரீபிஎஸ்டியில் கட்டியெழுப்பியது 1990களில். ஹாட்மெயில் மின்னஞ்சல் சேவை ஓடியது அதே காலத்தில், அதே மென்பொருளில். 1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிய பிறகும் சில ஆண்டுகள் ஃப்ரீபிஎஸ்டியிலேயே ஓடியது. ஜூனிப்பர் நிறுவனம் தன் ரவுட்டர்களுக்கான இயங்குதளத்தை இதிலிருந்தே உருவாக்கியது. இவை எல்லாம் சாத்தான் கவையோடு முகப்பில் நின்ற நாட்களில் நடந்தவை. பிற்காலத்தில் பிளேஸ்டேஷன் 4இன் இயங்குதளமும் நெட்ஃப்ளிக்ஸின் வீடியோ விநியோக சர்வர்களும் ஃப்ரீபிஎஸ்டியைத் தேர்ந்தெடுத்தன. அதற்குக் காரணம் நிபந்தனைகள் மிகக் குறைந்த பிஎஸ்டி உரிமம், வலையமைப்புப் பகுதியின் வேகம் போன்றவை. கோளத்தின் பளபளப்பைப் பார்த்து சோனி வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியென்றால் லோகோ மாற்றம் வீண் வேலையா? இல்லை. அதன் பயன் பொதுவாகத் தேடப்படும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

யார் பார்க்கிறார்கள்?

"நிறுவனம்" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒரு மென்பொருள் உள்ளே நுழைவதற்குள் அங்கே நான்கைந்து மேசைகளைக் கடக்கிறது. பொறியாளர் அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறார். பாதுகாப்புப் பிரிவு, ஓட்டைகளைத் தெரிவிக்க முறையான வழி இருக்கிறதா, திருத்தங்கள் எவ்வளவு விரைவில் வருகின்றன என்று கேட்கிறது. சட்டப்பிரிவு உரிமத்தைப் படிக்கிறது. கொள்முதல் பிரிவு, ஏதாவது நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறது. இந்த மேசைகளில் எதிலும் லோகோவுக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

லோகோ கண்ணில் படும் இடம் ஒன்றே ஒன்று: இந்த மென்பொருளை எடுக்கலாம் என்று உள்ளிருந்து வாதாடும் பொறியாளரின் விளக்கக்காட்சி. அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு கட்டமைப்பு வரைபடம். எட்டுப் பத்துப் பெட்டிகள், இடையே அம்புக்குறிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லோகோ, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. தரவுத்தளத்துக்கு யானை, நிரல்களைக் கொள்கலன்களில் இட்டு இயக்கும் கருவிக்குக் கப்பலின் சுக்கான், இணைய சர்வருக்குப் பச்சை அறுகோணம். நடுவில் நம்முடைய திட்டம். லோகோ கிடைக்காததால் சாம்பல் பெட்டியில் வெறும் எழுத்தாக நிற்கிறது. அல்லது வெள்ளைப் பின்னணியோடு சேர்த்து வெட்டியெடுத்த, விளிம்பெல்லாம் பொரிந்துபோன ஒரு படமாகக் கருநீலப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து வினாடி மட்டும் பார்க்கும் மேலாளருக்கு அந்தப் பெட்டி சொல்லும் செய்தி, "இது யாரோ ஓய்வு நேரத்தில் செய்தது" என்பதே. உண்மையும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்துப் பெட்டியும் அப்படிப் பிறந்ததுதான் என்பது அவருக்குத் தெரியாது.

ஆக, லோகோவின் உண்மையான வாடிக்கையாளர் இந்த உள்ளாள். அவரைச் சங்கடப்படுத்தாமல் இருப்பதே லோகோவின் முதல் கடமை. ஈர்ப்பது, மயக்குவது என்றெல்லாம் வடிவமைப்பு முகமைகள் விரித்துச் சொல்வதில் நான் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்பேன்.

சங்கடம் என்பதும் கார்ட்டூன் என்பதும் ஒன்றல்ல. பெருந்தரவுக் கருவியான ஹடூப், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங்கின் மகன் வைத்திருந்த பொம்மை யானையிடமிருந்து பெயரைப் பெற்றது. லோகோவும் மஞ்சள் யானைதான். உலகின் மிகப்பெரிய நிறுவனங்கள் அந்த மஞ்சள் யானையை வரைபடங்களில் ஒட்டிக்கொண்டு கோடிக்கணக்கில் செலவழித்தன. லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தின் சின்னமான டக்ஸ், வயிறு முட்டத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் பென்குயின். 1996இல் லாரி யூயிங் வரைந்தது. அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் ஐபிஎம் முதலில் வந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. லினக்ஸில் நூறு கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்த ஐபிஎம், 2001இல் அமைதிச் சின்னம், இதயம், பென்குயின் மூன்றையும் வரிசையாக சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ நடைபாதைகளில் அச்சடித்து விளம்பரம் செய்தது. நடைபாதையைக் கெடுத்ததற்காக அபராதமும் கட்டியது. கோட்டு சூட்டுக்குப் பேர்போன நிறுவனம் ஒரு பறவைக்காக அபராதம் கட்டியிருக்கிறது என்றால், கார்ட்டூன் என்பதால் மட்டும் கதவு மூடுவதில்லை என்றுதான் பொருள்.

கதவு மூடுவது, படம் வேண்டாத ஒன்றைச் சொல்லும்போது. ஃப்ரீபிஎஸ்டியின் உறவு இயங்குதளமான நெட்பிஎஸ்டியின் 1994ஆம் ஆண்டு லோகோவில், கணினிக் குவியலின் உச்சியில் குட்டிச் சாத்தான்கள் கூடிக் கொடிக்கம்பத்தை நிமிர்த்துவார்கள். 1945இல் இவோ ஜிமா தீவில் அமெரிக்கப் படையினர் கொடி ஏற்றிய புகைப்படத்தை அறிந்தவர்களுக்கு மூலம் உடனே புரியும். போர் நினைவு, சாத்தான், எண்ணற்ற நுண்கோடுகள் என மூன்று சுமைகளை ஒரே படம் தாங்கிக்கொண்டிருந்தது. 2004இல் கொடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள். இன்றைய செம்மஞ்சள் கொடி அப்படி வந்தது. என் கணக்கில் திறமூல உலகின் மிகச் சரியான மறுவடிவமைப்பு அதுதான்: பழையதில் உயிர் எங்கே இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு சுமையை இறக்கிவைத்தார்கள்.

லினக்ஸை நிறுவனங்களுக்கு விற்கும் ரெட் ஹேட்டின் கதை இதற்கு நேர் உறவு. தொப்பிக்கு அடியில் நிழல் படிந்த முகம் கொண்ட "ஷேடோமேன்" அதன் பழைய லோகோ. நிறுவனம் கருத்துக்கணிப்பு நடத்தியபோது, அந்த முகத்தைப் பார்த்தவர்கள் தீயவன், ஒளிந்திருப்பவன், கள்ளத்தனம் என்ற வகையில் சொற்களைச் சொன்னார்கள். பாதுகாப்பான சர்வர் மென்பொருளை விற்கும் நிறுவனத்துக்கு இது தேவையா? 2017 டிசம்பரில் வெளிப்படையான மறுவடிவமைப்புப் பணியைத் தொடங்கி, 2019 மே மாதம் முகத்தை நீக்கித் தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது: திட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு அந்தப் படம் என்ன சொல்கிறது என்று கேட்பதில் பயன் இல்லை, அவர்களுக்கு அதன் கதை தெரியும். கதை தெரியாதவரிடம் கேட்க வேண்டும்.

லோகோவின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டிய நிகழ்வு 2014 ஏப்ரலில் நடந்தது. இணையத் தகவல்தொடர்பின் பெரும்பகுதியை மறையாக்கத்தால் பாதுகாத்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தில் "ஹார்ட்பிளீட்" என்ற ஓட்டை வெளிப்பட்டது. அந்த நூலகத்தை உலகமே பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். யாரும் அதன் லோகோவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ஓட்டைக்கோ, இரத்தம் சொட்டும் இதயமாக ஓர் அழகிய லோகோ வரையப்பட்டது. அந்த இதயம் தொலைக்காட்சிச் செய்திகளில் வந்தது, இயக்குநர் குழுக் கூட்டங்களுக்குள் போனது. அதன் பிறகே லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியில் பெரிய நிறுவனங்கள் பணம் ஒதுக்கின. மென்பொருளுக்குக் கிடைக்காத லோகோ அதன் ஓட்டைக்குக் கிடைத்தது. பொறியாளர்களுக்கு லோகோ வேண்டாம், பணப்பெட்டியின் சாவி வைத்திருப்பவர்களுக்கு வேண்டும் என்று இதிலிருந்து ஒருவர் வாதிட்டால் என்னால் எளிதில் மறுக்க முடியாது.

படம் யாருடையது?

இனி, பேச்சு அதிகம் போகாத ஆனால் பணம் அதிகம் புரளும் பகுதிக்கு வருவோம். லோகோ மாற்றத்தின்போது ஒரு திட்டம் பெறக்கூடிய மிகப் பெரிய ஆதாயம், படத்தின் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு எழுத்தில் விடை காண்பது.

திறமூல உரிமம் நிரலைப் பகிர்கிறது; பெயரையும் லோகோவையும் பகிர்வதில்லை. பரவலான திறமூல உரிமங்களில் ஒன்றான அப்பாச்சி 2.0இன் 6ஆம் பிரிவு, வணிக முத்திரைகளைப் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இன்னொரு உரிமமான ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு, அப்படி ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. திறமூல வரையறையே, மாற்றிய மென்பொருளுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று உரிமம் கேட்கலாம் என்கிறது. நிரலை எடுத்துக்கொள், என் முகத்தை எடுத்துக்கொள்ளாதே என்பதே இதன் சாரம்.

ரெட் ஹேட்டின் வணிகமே இந்த வேறுபாட்டில் நின்றது. அதன் நிரலை எடுத்து சென்ட்ஓஎஸ் என்ற இலவசப் பதிப்பை உருவாக்கியவர்கள், ஒவ்வொரு வெளியீட்டிலும் ரெட் ஹேட் லோகோக்கள் இருந்த தொகுப்பை அகற்றித் தங்கள் படங்களை வைத்தார்கள். ஒருகட்டத்தில் ரெட் ஹேட் என்ற பெயரைச் சொல்வதையே தவிர்த்து "மேலூற்று விற்பனையாளர்" என்று சுற்றிவளைத்து எழுதும் அளவுக்கு எச்சரிக்கையாக இருந்தார்கள். இரண்டிலும் நிரல் ஒன்றுதான். ஒன்றுக்கு நிறுவனங்கள் பணம் கட்டின, மற்றொன்றுக்குக் கட்டவில்லை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஆதரவுச் சேவைக்குத்தான். ஆனால் அந்தச் சேவை எந்தப் பெட்டிக்கு உரியது என்று காட்டியது தொப்பி.

தன்னார்வலர்கள் தொகுத்து வழங்கும் லினக்ஸ் பதிப்பான டெபியனுக்கும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லாவுக்கும் இடையே 2006இல் வெடித்த தகராறு இதன் இன்னொரு முகம். ஃபயர்ஃபாக்ஸின் நிரல் கட்டற்றது. நரி உலகைச் சுற்றிப் படுத்திருக்கும் அந்தப் படம் அப்போது கட்டற்ற உரிமத்தில் இல்லை. டெபியனின் விதிகள் அப்படியொரு படத்தைச் சேர்க்க இடம் தரவில்லை. பெயரை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் விட்டுவிடுகிறோம் என்றது டெபியன். இரண்டும் சேர்ந்தே வரும், பிரிக்க முடியாது என்றது மொஸில்லா. விளைவு, டெபியனில் அதே உலாவி ஐஸ்வீசல் என்ற பெயரோடு பத்தாண்டுகள் வாழ்ந்தது. 2016இல்தான் பழைய பெயர் திரும்பியது. ஓர் ஐகானுக்காக இத்தனையா என்று தோன்றும். ஆனால் விநியோகஸ்தர்கள் லோகோவை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை: படம் அழகாக இருக்கிறதா என்பது அங்கே பேசப்படவே இல்லை.

உரிமை வேறொருவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதை மற்றவர்கள் இதைவிடக் கசப்பாகக் கற்றார்கள். சன் என்ற கணினி நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியதும் முத்திரைகளும் கைமாறின. 2010இல் ஓப்பன்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் தன்னார்வலர்கள் வெளியேறியபோது பெயரும் படமும் பின்தங்கிவிட்டன. லிப்ரேஆபீஸ் என்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 2011 தொடக்கத்தில் நிரலாளர்களின் கருவியான ஹட்சன் இதே காரணத்துக்காக ஜென்கின்ஸ் ஆனது. அண்மைக் காலத்தில் எலாஸ்டிக், ஹாஷிகார்ப், ரெடிஸ் நிறுவனங்கள் தங்கள் உரிமங்களை இறுக்கியபோது பிரிந்துவந்த ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு, வால்கி ஆகிய மூன்றும் முதல் வேலையாகப் பெயரும் லோகோவும் தேட வேண்டியதாயிற்று. நிரலைப் பிரித்துக்கொண்டு போகலாம், முகத்தைப் பிரிக்க முடியாது. நிறுவனங்களின் திட்டமிடுவோர் இதை நன்றாக அறிவார்கள்.

எவ்வளவு நன்றாக அறிவார்கள் என்பதற்கு இஸ்டியோ சாட்சி. மென்பொருள் சேவைகளுக்கிடையே ஓடும் தரவுப் போக்குவரத்தை நிர்வகிக்கும் கருவி இது; கூகுளும் ஐபிஎம்மும் வாடகைக் கார் நிறுவனமான லிஃப்டும் (Lyft) சேர்ந்து தொடங்கிய இந்தத் திட்டத்தின் லோகோ ஒரு பாய்மரம். அதன் வணிக முத்திரையை 2020 ஜூலையில் கூகுள், தான் புதிதாகத் தொடங்கிய ஓர் அமைப்பிடம் ஒப்படைத்தது. பொதுவான அறக்கட்டளைக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்த ஐபிஎம் தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே தெரிவித்தது. பாய்மரத்தின் வளைவு பற்றியோ நிறம் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை; அது யார் பெட்டகத்தில் இருக்கிறது என்பதே சண்டை. 2022இல் இஸ்டியோ, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இயங்கும் சிஎன்சிஎஃப் அமைப்புக்குள் வந்து சேர்ந்தது; முன்பு பார்த்த சுக்கான் லோகோவுக்கு உரிய குபர்நெடிஸ் இருப்பதும் அங்கேதான். அந்த அமைப்பில் சேரும் திட்டங்களின் முத்திரை லினக்ஸ் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றப்படும். பெரிய நிறுவனம் ஒன்று ஒரு திட்டத்தில் ஆட்களையும் பணத்தையும் இறக்கும் முன் பார்ப்பது இதைத்தான்: நாளை போட்டியாளர் ஒருவர் இந்தப் பெயரைப் பூட்டிவைத்துக்கொள்ள முடியுமா?

இறுக்கிப் பிடிப்பதிலும் ஆபத்து உண்டு. 2023 ஏப்ரலில் ரஸ்ட் நிரல்மொழியின் அறக்கட்டளை வெளியிட்ட முத்திரைக் கொள்கை வரைவு, பெயரையும் பல்சக்கர லோகோவையும் யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று நுணுக்கி நுணுக்கிக் கட்டுப்படுத்தியது. நிரலாளர்கள் பொங்கியெழுந்தார்கள், அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டு வரைவைத் திரும்பவும் எழுத உட்கார்ந்தது. எதிர்முனையில் டக்ஸ் இருக்கிறது. யாராவது கேட்டால் வரைந்தவர் பெயரையும் அவர் வரையப் பயன்படுத்திய கிம்ப் மென்பொருளையும் குறிப்பிடு என்பதே அதன் நிபந்தனை, மற்றபடி எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தை டெபியன் கண்டுபிடித்தது: எவரும் பயன்படுத்தச் சுழல் மட்டும் கொண்ட திறந்த லோகோ ஒன்று, திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பணிகளுக்கென்று குடுவையோடு கூடிய இன்னொன்று. எளிய ஏற்பாடு, ஆனால் பல திட்டங்கள் இன்றும் இந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை.

மேசையில் நடக்கும் வேலை

நோக்கமும் உரிமையும் தெளிவானால் வரைவது ஒப்பீட்டளவில் சிறிய வேலை. ஆனால் பெரும்பாலான திட்டங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வரைவதிலிருந்து தொடங்குகின்றன. உடனே எல்லாருக்கும் கருத்து வந்துவிடுகிறது. 1999இல் ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர் பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதிய ஒரு மின்னஞ்சல் நிரலாளர்களிடையே புகழ்பெற்றது. அணு உலைக்கான திட்டத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் எல்லாரும் வாய் திறப்பார்கள் என்ற பழைய வாதத்தை அவர் அதில் நினைவூட்டினார். நினைவகக் கசிவைத் திருத்தும் நிரல் மாற்றத்துக்கு இரண்டு பேர் கருத்துச் சொல்லும் திட்டத்தில், லோகோவுக்கு இருநூறு பேர் சொல்வார்கள்.

வாக்கெடுப்பு இதற்குத் தீர்வாகாது. வாக்கெடுப்பில் வெல்வது பெரும்பாலும் எவருக்கும் பிடிக்காமல் போகாத படம். அது எவருக்கும் நினைவிலும் நிற்காது. பரிசுப் போட்டிக்கு வேறு குறை: கூலி உறுதியில்லாத வேலைக்குத் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் வருவதில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கமான ஏஐஜிஏ இதைக் கொள்கையாகவே எதிர்த்துவந்திருக்கிறது. 2016இல் மொஸில்லா மூன்றாவது வழியை முயன்றது. ஜான்சன் பேங்க்ஸ் என்ற முகமையை அமர்த்தி, ஒவ்வொரு கட்டத்தையும் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்டு, முடிவை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. 2017 ஜனவரியில் வெளிவந்த லோகோவில், பெயரின் நடு எழுத்துகள் இணைய முகவரியில் வரும் முக்காற்புள்ளியாகவும் இரண்டு சாய்கோடுகளாகவும் மாறியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, இணைய முகவரிகளிலிருந்து தரவை எடுக்கும் கருவியான கர்ல் திட்டமும் அதே குறிகளைத் தன் புதிய லோகோவில் எடுத்தாண்டிருந்தது. ஒரே குட்டையில் ஒரே மீனைப் பிடித்தார்கள். முடிவு பிடிக்கிறதோ இல்லையோ, கேட்பது பலரிடம், தீர்மானிப்பது சிலர் என்ற அந்த முறை எனக்குச் சரியாகவே படுகிறது.

நிறுவனப் பயன்பாட்டுக்கு என்று வரையும்போது சோதனைகள் எளியவை, கொடியவை. பதினாறுக்குப் பதினாறு பிக்சலில், அதாவது வெறும் 256 புள்ளிகளில், உலாவியின் தாவலில் அடையாளம் தெரிகிறதா? ஒற்றை நிறத்தில் நிற்கிறதா? கரும் பின்னணியில் மறையாமல் இருக்கிறதா? எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கெடாத எஸ்விஜி கோப்பு கிடைக்கிறதா? சிஎன்சிஎஃப் தன் திட்ட வரைபடத்தில் சேர்க்க எஸ்விஜி வடிவத்தைத்தான் கேட்கிறது. லோகோவுக்குள் பெயரும் இருக்க வேண்டும் என்கிறது. காரணம் கட்டமைப்பு வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் விளங்கும்: பெயர் இல்லாத முப்பது அறுகோணங்களைப் பிரித்தறிய யாராலும் முடியாது.

அடுத்து எழுத்துரு. லோகோவில் உள்ள எழுத்துரு வணிக உரிமத்தில் இருந்தால், அதே தோற்றத்தில் ஆவணம் தயாரிக்க விரும்பும் ஒவ்வொரு பங்களிப்பாளரும் அதை விலைக்கு வாங்க வேண்டும். ரெட் ஹேட் 2019இல் தன் புதிய எழுத்துருவைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டு இந்தத் தலைவலியைத் தவிர்த்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் லோகோவை வரவழைப்பவர்கள் வேறொன்றை யோசிக்க வேண்டும்: மனித ஆக்கம் இல்லாத படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. யாரும் அள்ளிக்கொண்டு போகலாம் என்ற படத்தை, உரிமையைத் தெளிவாக்கவென்று தொடங்கிய வேலையின் முடிவில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தன்னார்வலர்கள் எதை இழக்கிறார்கள்?

லோகோ மாற்றத்துக்கு வரும் எதிர்ப்பை ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பளமின்றிப் பத்தாண்டு உழைத்தவர் கைக்கு வந்த கூலி பல நேரங்களில் ஒரு டி-ஷர்ட்டும் மடிக்கணினியில் ஒட்டிய ஸ்டிக்கரும்தான். அந்தப் படத்தை ஒருநாள் "நிறுவனங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எடுத்துவிட்டால், இந்தத் திட்டம் யாருக்காக நடக்கிறது என்ற கேள்வி அவர் மனத்தில் எழும். பின்னால் ஒரே நிறுவனம் நிற்கும் திட்டங்களில் அந்தச் சந்தேகம் கூர்மையாகும். முதலில் லோகோ மழுங்கும், பிறகு விலைப்பட்டியல் வரும், கடைசியில் உரிமம் மாறும் என்ற வரிசையைச் சமூகம் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது. எல்லாத் திட்டத்திலும் அப்படி நடப்பதில்லை. ஆனால் அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் பட்டறிவு உள்ள திட்டங்கள் இரண்டு முகங்களை வைத்துக்கொள்கின்றன. 2018இல் கோ நிரல்மொழிக் குழு, இயக்கக்கோடுகள் கொண்ட சீரான எழுத்து லோகோ ஒன்றை அறிமுகப்படுத்தியபோது, ரெனே ஃபிரெஞ்ச் வரைந்த, கோஃபர் என்ற வளைதோண்டும் விலங்கின் நீலநிற உருவம் செல்லச் சின்னம் என்றும், அது எங்கும் போகவில்லை என்றும் கையோடு சொல்லிவிட்டது. ரஸ்டில் பல்சக்கரம் ஆவணங்களுக்கு, ஃபெர்ரிஸ் என்ற நண்டு மக்களுக்கு. நண்டுக்கு அதிகாரப்பூர்வத் தகுதி இல்லை என்பதே அதன் செல்வாக்குக்குக் காரணமோ என்று தோன்றும்.

மாற்றத்தை அறிவிப்பது ஒரு நாள் வேலை. பழைய படம் மறைவதற்கு ஆண்டுகள் ஆகும். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் போன்ற பதிப்புகளுக்குப் பத்தாண்டு ஆதரவு உண்டு. அதற்குள் அடைபட்ட தொகுப்பில் உள்ள பழைய ஐகானை யாரும் தேடிப்போய் மாற்றமாட்டார்கள். எனவே பழைய கோப்புகளை அழிக்காமல் தனி அடைவில் வைத்து, எது எந்தப் பயன்பாட்டுக்குச் செல்லும் என்று ஒரு பக்கம் எழுதிவைப்பது நல்லது. சட்டத்திலும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க வணிக முத்திரைச் சட்டப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயன்படுத்தாத முத்திரை கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். அதன் பிறகு வேறொருவர் அதை எடுத்துக்கொள்ள வழி திறக்கும். பழைய சின்னத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் திட்டம் அதை மாநாட்டு டி-ஷர்ட்டுகளில் தொடர்ந்து அச்சிட்டு விற்பதைச் சட்டப்பிரிவும் வேண்டாம் என்று சொல்லாது.